வந்தியத்தேவனின் இளமைக் கதை: மறைந்துபோன ரசிகர் புனைவை மீட்க வழி உண்டா?

காட்பாடி வாசகி:

அனைவருக்கும் வணக்கம். 2005ஆம் ஆண்டு, கல்லூரியில் சேர்ந்த புதிதில், காந்தி நகரில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில் சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் அமர்ந்து வாசித்த தொடர் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ‘பொன்னியின் செல்வன்’ தொடங்குவதற்கு முன்னால் வந்தியத்தேவன் எப்படி வளர்ந்திருப்பான் என்பதை, புனைபெயரில் எழுதிய ஒரு பெண்மணி 41 அத்தியாயங்களாக எழுதியிருந்தார். வாணர் குலத்தவன் என்று நாம் எளிதாகக் கடந்துவிடுகிறவனை அவர் எங்கள் பக்கத்துத் திருவல்லத்துக்கே அழைத்து வந்து, பொன்னையாற்று மணலில் குதிரையேற்றம் பழக வைத்திருந்தார். ராணிப்பேட்டைப் பேருந்து திருவல்லத்து இரும்புப் பாலத்தில் ஏறும்போதெல்லாம் இன்றும் எனக்கு அந்தக் கதைதான் நினைவுக்கு வருகிறது.

அந்தத் தளம் இப்போது இல்லை. நடத்தியவர் ஆண்டுக் கட்டணத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார் போலிருக்கிறது. அந்த முகவரிக்குப் போனால் சூதாட்ட விளம்பரம் வருகிறது. பழைய இணையப் பக்கங்களின் படிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் தேடியதில் முகப்புப் பக்கமும் அத்தியாயத் தலைப்புகளும் மட்டுமே கிடைத்தன. உறுப்பினராக உள்ளே நுழைந்தால்தான் கதை திறக்கும் என்று வைத்திருந்ததால், பக்கங்களைச் சேமிக்க வந்த நிரல் வாசலோடு திரும்பிவிட்டிருக்கிறது.

என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு சிடி. முதல் 14 அத்தியாயங்களையும், மிகவும் பிடித்திருந்த 17ஆம் அத்தியாயத்தையும் அன்றைக்கே அதில் பதிந்து வாங்கியிருந்தேன். என் மடிக்கணினியில் சிடி போட வழியில்லாததால், வேலூர் ஆபீசர்ஸ் லைனில் ஒரு கடையில் கொடுத்துப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். திறந்து பார்த்தால் தமிழே இல்லை. ‘அத்தியாயம் 1’ என்று இருக்க வேண்டிய இடத்தில், தலையில் புள்ளியும் தொப்பியும் வைத்த ஆங்கில எழுத்துகளும், நடுவே முக்கால் என்னும் பின்னக் குறியும் நிற்கின்றன. எண் மட்டும் சரியாகத் தெரிகிறது.

என் பாட்டி, கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வந்த மூலத் தொடரை வாராவாரம் பிரித்தெடுத்து, மணியம் வரைந்த ஓவியங்களோடு பைண்டு செய்து வைத்தவர். தாள் பழுப்பேறி, ஓரங்கள் பொடிந்தாலும் இன்றும் அதை வாசிக்க முடிகிறது. அதற்கு அரை நூற்றாண்டு பின்னால் நான் சேமித்து வைத்ததை வாசிக்க முடியவில்லை என்பது மிகுந்த வருத்தமாக இருக்கிறது. இந்த அத்தியாயங்களை மீட்க முடியுமா? முடிந்தால், மற்றவர்களும் வாசிக்கும்படி வேறொரு தளத்தில் ஏற்றலாமா?

பாலாற்றங்கரையான்:

வணக்கம் அம்மா. உங்கள் கோப்புகள் கெட்டுப்போகவில்லை என்றே நினைக்கிறேன். நீங்கள் சொல்லும் முக்கால் குறிதான் அடையாளம். டிஸ்கி என்னும் பழைய குறியாக்கத்தில் ‘த’ என்ற எழுத்துக்கு ஒதுக்கப்பட்ட எண்ணில், ஆங்கிலக் கணினி முக்கால் குறியைக் காட்டும். இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாக உள்ள யூனிகோடு குறியாக்கம் பரவலாவதற்கு முன்னர், 128 முதல் 255 வரையிலான எண்களில் தமிழ் எழுத்துருக்களை அமர்த்திக்கொண்டுதான் தளங்களை நடத்தினார்கள். அந்த எழுத்துரு கணினியில் இல்லையென்றால் இப்படித்தான் தெரியும்.

என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகளில் டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு என்று தேர்ந்தெடுத்து ஓர் அத்தியாயத்தை மட்டும் முதலில் மாற்றிப் பாருங்கள். அக்காலத்தில் டாப் என்ற இன்னொரு குறியாக்கமும் புழக்கத்தில் இருந்ததால், ஒன்றுக்கு மற்றொன்றைத் தேர்ந்துவிட்டால் எழுத்துகள் தமிழாகத் தெரிந்தும் சொற்கள் பொருளற்று நிற்கும். கொம்பு வரும் இடங்களைக் கட்டாயம் கண்ணால் சரிபாருங்கள். டிஸ்கியில் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். யூனிகோடில் ககரம்தான் முதலில் வரும். அரைகுறை மாற்றிகள் தடுமாறுவது இங்கேதான்.

மூலக் கோப்புகளை மட்டும் எக்காரணம் கொண்டும் திருத்தாதீர்கள், சிடியையும் தூக்கிப் போடாதீர்கள். மாற்றிய உரையை எளிய உரைக் கோப்பாக, யூனிகோடைச் சேமிக்கும் யூ.டி.எஃப்.-8 வடிவில் வைத்து, எந்தத் தளத்திலிருந்து எந்த ஆண்டு எடுத்தது என்று அதன் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். நான் அப்படிக் குறித்து வைக்காததால், யார் எழுதியவை என்றே தெரியாத கதைகள் என்னிடம் நிறையத் தங்கிவிட்டன.

குடியாத்தம் தறிவீடு:

சகோதரி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு, இப்படிப்பட்ட கதைகளை எழுதியவள் என்ற முறையில் பதில் சொல்ல விரும்புகிறேன். கல்லூரிக் காலத்தில் நானும் ஒரு தொடரின் பாத்திரங்களை வைத்துக் கதைகள் எழுதினேன். திருமணத்துக்குப் பிறகு, உறவினர் ஒருவர் அவற்றைக் கண்டுபிடித்து வீட்டில் பேசத் தொடங்கியபோது, அத்தனையையும் ஒரே இரவில் நானே அழித்தேன். சில ஆண்டுகள் கழித்து, யாரோ ஒருவர் அவற்றைப் பி.டி.எஃப். ஆக்கி, புனைபெயருக்குப் பக்கத்தில் என் உண்மைப் பெயரையும் போட்டு வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டிருந்ததைப் பார்த்தேன். அவர் அன்பினால்தான் செய்திருப்பார். ஆனால் அன்று இரவு நான் உறங்கவில்லை.

கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமையாக்கப்பட்டவை என்பதால், வந்தியத்தேவனை வைத்து யாரும் எழுதலாம். ஆனால் அந்தப் பெண்மணியின் வாக்கியங்கள் நாட்டுடைமை அல்ல. புனைபெயரில் வெளியான படைப்புக்கும் நம் சட்டப்படி வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை உண்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். தளம் மூடியதால் போன கதையும், எழுதியவரே எடுத்துவிட்ட கதையும் வாசகருக்கு ஒரே வெற்றுப் பக்கமாகத்தான் தெரியும். இந்தக் கதைக்கு நேர்ந்தது இரண்டில் எது என்பதை அவர் ஒருவரால்தான் சொல்ல முடியும். உங்களுக்கென்று எத்தனை பிரதி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குத் திறப்பதற்கு முன் அவரை ஒரு வார்த்தை கேளுங்கள்.

வாலாஜா நூலகர்:

மேலே சகோதரி சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். கதையை எழுதியவர் இசைந்தால் எங்கே ஏற்றுவது என்பதற்கு மட்டும் ஒரு குறிப்பு. தனி ஒருவரின் கைப்பணத்தில் நடக்கும் தளமும், வணிக நிறுவனம் இலவசமாகத் தரும் இடமும் என்றைக்கும் உறுதியில்லை. அப்படி இலவச இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. 2019இன் இறுதியில் யாஹூ குழுமங்களின் பழைய மடல்கள் அழிக்கப்பட்டபோது, தமிழ் மடலாடற் குழுக்கள் பலவற்றின் உரையாடல்களும் அவற்றோடு போயின.

நன்கொடையில் நடக்கும் ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்ற ரசிகர் புனைவுத் தளம், இந்த அச்சத்தினால் ரசிகர்களே கட்டிக்கொண்ட இடம். எழுதியவர் விலக விரும்பினால், கதையை அழிக்காமல் தம் பெயரை மட்டும் நீக்கிக்கொள்ளும் வசதி அங்கே உண்டு. தம் காலத்துக்குப் பின் கணக்கைப் பார்த்துக்கொள்ள ஒருவரை முன்கூட்டியே நியமிக்கவும் முடியும். மூடப்படும் நிலையிலுள்ள சிறு தளங்களின் கதைகளை ஏற்றுக்கொள்வதற்கென்றே ‘ஓப்பன் டோர்ஸ்’ என்ற தனிப் பிரிவும் இருக்கிறது. ஆனால் ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ தளத்தையும் 2023 ஜூலையில் இணையத் தாக்குதலால் திறக்க முடியாமல் போனது. வேபேக் மெஷினுக்கும் 2024 அக்டோபரில் அதே கதிதான். ஆகவே எங்கே ஏற்றினாலும், ஈபப் என்னும் மின்னூல் வடிவிலோ பி.டி.எஃப். ஆகவோ ஒரு பிரதியை இறக்கி வீட்டிலும் வைத்திருங்கள். முடிந்தால் அச்செடுத்து, உங்கள் பாட்டியைப் போலவே பைண்டு செய்துவிடுங்கள்.

காட்பாடி வாசகி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அது டிஸ்கிதான். நேற்றிரவு 17ஆம் அத்தியாயத்தை மாற்றியபோது, ‘பொன்னையில் அன்று முழங்கால் அளவுதான் நீர்’ என்ற முதல் வரி திரையில் எழுந்ததும் சிறிது நேரம் மேலே படிக்க முடியாமல் அமர்ந்திருந்தேன். சிடியில் 9ஆம் அத்தியாயம் மட்டும் கீறலால் திறக்கவில்லை.

அத்தியாயத்தின் அடியில் ஆசிரியர் தம் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்திருந்தார். கதையை வெளியிடுவது பற்றி எதுவும் கேட்காமல், அவருடைய வாசகி என்று மட்டும் அறிமுகம் செய்துகொண்டு, கதை மறைந்தது அவர் விருப்பத்தாலா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். மடல் திரும்பி வரவில்லை. பதிலும் இன்னும் வரவில்லை. அதுவரை எதையும் எங்கும் ஏற்றப்போவதில்லை. 9, 15, 16 ஆகிய அத்தியாயங்களோ, 18க்குப் பிந்தியவையோ எவரிடமாவது இருந்தால், அவற்றை இங்கே பதிவிடாமல், இருக்கின்றன என்பதை மட்டும் எனக்குத் தனிமடலில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.