‘மேட்ச் பேர்’: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,
ஆர். எஃப். குவாங்கின் ‘பேபல்’ (2022) நாவலுக்கு மதிப்புரை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் இதழுக்குப் போக வேண்டும். அதில் வரும் ‘மேட்ச் பேர்’ (match-pair) என்ற சொல் இடிக்கிறது. வெள்ளிக் கட்டியில் ஒரு மொழிச் சொல்லையும், வேறு மொழியில் அதற்கு ஈடான சொல்லையும் பொறிப்பார்கள். மொழிபெயர்ப்பில் நழுவும் பொருள் மந்திரமாக வேலை செய்யும். இரு மொழியிலும் ஊறியவர் சொன்னால்தான் பலிக்கும். ‘இணைச்சொல்’ சரிவருமா?

———

வேண்டாம். ‘மேடுபள்ளம்’, ‘அக்கம்பக்கம்’ என்று பள்ளி இலக்கணம் நினைவுக்கு வரும். ‘பிணைச்சொல்’ என்க. இணை, பிணை, பிணையல் எல்லாம் ஒரே வேர்க்கொத்து என்பது என் கருத்து. பெண்மானைப் பிணை என்பதும் கலைமானோடு சேர்ந்து திரிவதால்தான்.

———

ஐயா, மான் வரை போக வேண்டாம். இன்று பிணை என்றால் ஜாமீன். ‘சோடிச்சொல்’ எவருக்கும் புரியும்.

———

புரிகிறது என்பதற்காகச் சோடியை உள்ளே விடுவதா? தமிழில் ‘இணை’ இருக்கிறதே. அதுவும் போதாது, இரு சொல்லும் பொருந்தாமல் நிற்கும் மிச்சத்தில்தான் மந்திரம் பிறக்கிறது. தொல்காப்பியர் சொன்ன பத்து எச்சங்களில், சொல்லாததைக் குறிப்பால் உணர்த்தும் குறிப்பெச்சத்துக்கு இது நெருங்கிய உறவு. ஆகவே ‘எச்ச இணை’.

அந்த மிச்சத்தை வைத்து, நாவலில் மொழிபெயர்ப்பாளர்கள் வேலை செய்யும் ஆக்ஸ்போர்டு கோபுரம் கப்பலும் ஆலையும் ஓட்டுகிறது. சொல்லைத் தந்த கான்டனுக்கும் கல்கத்தாவுக்கும் பலன் போய்ச் சேருவதில்லை. சீனத் தேயிலைக்குக் கொடுத்த வெள்ளியை பிரிட்டன் அபினி விற்றுத் திரும்பப் பிடுங்கிய வரலாற்றின் மேல் இதைக் கட்டியதுதான் நாவலின் பெரிய பலம். குறையும் அங்கேயே இருக்கிறது. அடிக்குறிப்புகளில் ஆசிரியர் குறுக்கே வந்து தீர்ப்பும் சொல்லிவிடுகிறார். நாயகன் ராபினைக் கான்டனிலிருந்து அழைத்து வரும் பேராசிரியர் லவெல் வில்லனாக மட்டுமே நிற்கிறார். மிச்சத்தைப் பற்றிய நாவல் வாசகருக்கு மிச்சம் வைப்பதில்லை. மதிப்புரையில் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

———

எச்சம் என்றால் பறவையின் நினைவுதான் வரும். ‘சொல்லிணை’ என்று முடித்துக்கொள்வோமே.

———

குறளில் எச்சத்துக்கு மக்கள் என்றும் உரை உண்டு. இடம் பார்த்துப் பொருள் கொள்வது நமக்குப் புதிதா?

———

நன்றி. பலரும் ‘சொல்லிணை’க்கு இசைந்ததால் அதையே எழுதிவிட்டேன். அடிக்குறிப்பு பற்றிய குறையையும் சேர்த்திருக்கிறேன்.

———

‘சொல்லிணை’யை அகராதியைப் புரட்டும் எவரும் உண்டாக்கலாம், நழுவும் பொருள் அதில் எங்கே? என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். கட்டியில் சொல் பொறித்து மந்திரம் செய்யும் ‘சில்வர் வொர்க்கிங்’ வரும் இடத்தில் ‘வெள்ளிப்பணி’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், அது தட்டார் வேலையைக் குறித்துவிடும். ‘வெள்ளிவினை’ என்று எழுதுங்கள்.