வீட்டில் சொர்க்கம், கோயிலில் சேறு: டிடி-3 டிலே பெடலை எப்படி வைப்பது?

பாளை_தந்தி

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கோயிலில் ஞாயிறு ஆராதனைக்கு கிட்டார் வாசிக்கிறேன். கீபோர்டு, டிரம்ஸ், பேஸ், நான், பாடுகிறவர்கள் ஏழெட்டுப் பேர். போன மாதம் பாஸ் (Boss) கம்பெனியின் பழைய டிடி-3 ஒன்று கைமாறி வந்தது, வாசித்ததை எதிரொலியாகத் திருப்பித் தரும் டிலே பெடல். மேனுவல் இல்லை, அட்டைப்பெட்டியும் இல்லை.

வீட்டில் சின்ன ஆம்ப்பில் போட்டால் அருமையாக இருக்கிறது. யூ2 குழுவின் கிட்டார்காரர் எட்ஜ் மாதிரி ஒரு சுரத்தைத் தொட்டால் நாலு சுரம் துள்ளிக்கொண்டு வருகிறது. அதே செட்டிங்கில் கோயிலில் வாசித்தால் ஒரே சேறு. கீபோர்டு வாசிக்கும் அக்கா, "தம்பி, நீ எந்தக் கார்டு (சுரக்கூட்டு) பிடிக்கிறாய் என்றே தெரியவில்லை" என்று சொல்லிவிட்டார்.

இப்போது இருப்பது: மோட் (எதிரொலி நேரத்தின் உச்ச வரம்பு, மில்லிசெகண்டில்) 800, ஈ.லெவல் (எதிரொலியின் சத்தம்) பாதிக்கு மேல், எஃப்.பேக் (எத்தனை எதிரொலி) சரிபாதி, டி.டைம் (எதிரொலி வரும் இடைவெளி) காதுக்கு நன்றாகப் பட்ட இடத்தில். வரிசை கிட்டார், டிலே, ஓவர்டிரைவ் (சத்தத்தைக் கரகரப்பாக்கும் பெடல்), ஆம்ப். டிலே முன்னால் இருப்பதற்குப் பெரிய காரணம் இல்லை, என்னிடம் உள்ள குட்டி கேபிள் அவ்வளவுதான் எட்டும். பெடலில் கோளாறா, என்னிடம் கோளாறா?

மிக்சர்காரன்

பெடலில் ஒன்றும் இல்லை. முதலில் அந்த கேபிளை மாற்றுங்கள். டிலேக்குப் பிறகு ஓவர்டிரைவ் வந்தால், தேய்ந்துபோக வேண்டிய எதிரொலியையும் அது தூக்கி அசல் சத்தத்துக்குச் சமமாக்கிவிடும். பழைய கார்டின் எதிரொலியும் புதுக் கார்டும் ஒரே ஓவர்டிரைவுக்குள் சேர்ந்து அரைபடுகின்றன. அக்கா சொன்னது அதைத்தான். ஓவர்டிரைவ் முன்னால், டிலே பின்னால். ஆம்ப்பின் டிஸ்டார்ஷனையே பயன்படுத்துவதானால், பின்பக்கம் சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஓட்டை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் டிலே அங்கே போக வேண்டும்.

இன்னொன்று, மிக்சரில் உங்கள் சேனலுக்கும் ரிவெர்ப் (பெரிய கூடத்து முழக்கம்) போட்டிருக்கிறார்களா? பல இடத்தில் பாடகருக்குப் போடுகிற கையோடு எல்லாருக்கும் போட்டு வைத்திருப்பார்கள். கேட்டு அணைக்கச் சொல்லுங்கள்.

மதுரை_ஆறுகம்பி

தம்பி, மேலே சொன்னது சரி. ஆனால் கேபிளை மாற்றினாலும் பாதிதான் தீரும்.

நான் 22 வருடம் மெல்லிசைக் குழுவில் வாசித்தவன். கல்யாண மண்டபம், கோயில் கொடை, பள்ளிக்கூட ஆண்டுவிழா என்று எல்லா இடத்திலும் டிலேயோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: உங்கள் கோயிலே ஒரு டிலே பெடல். கல்சுவர், உயரமான கூரை. பின்சுவர் 25 மீட்டர் தள்ளி இருந்தால் சத்தம் போய்த் திரும்பி வர ஏறக்குறைய 145 மில்லிசெகண்ட். அதாவது பெடலை மிதிக்காமலே உங்களுக்கு ஒரு எதிரொலி இலவசம். வீட்டில் மெத்தையும் திரைச்சீலையும் அதைக் குடித்துவிடும். அதனால்தான் அங்கே வைத்த நாப் இங்கே செல்லாது.

அடுத்தது, உங்கள் பெடல் டிஜிட்டல். டிடி-3 1986இல் வந்த மாடல். அதற்கு முந்தைய டிடி-2 1983இல் வந்தது. ரேக்கில் பூட்டுகிற பெரிய ரோலண்ட் டிலேயில் இருந்த சிப்பைக் காலடி டப்பாவுக்குள் அடக்கிக் கொண்டுவந்தார்கள். அனலாக் டிலேயில் ஒவ்வொரு எதிரொலியும் மங்கிக்கொண்டே போய்ப் பின்னால் ஒதுங்கிவிடும். டிஜிட்டலில் மூன்றாவது எதிரொலியும் முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு வந்து நிற்கும். சத்தம் குறையுமே தவிர தெளிவு குறையாது. இதில் டோன் நாப் கிடையாது, ஆகவே கிட்டாரின் டோனைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்.

இப்போது எட்ஜ் விஷயம். "காதுக்கு நன்றாகப் பட்ட இடம்" என்றீர்களே, அங்கேதான் சிக்கல். அந்த வாசிப்புக்கு நேரம் ஒரு கணக்கில் இருக்க வேண்டும். நோட்டேஷன் படித்தவர்கள் புள்ளி வைத்த எட்டாம் சுரம் என்பார்கள், நமக்கு அது வேண்டாம். ஒரு தாளத்தட்டை த-க-தி-மி என்று நாலாக்குங்கள். நீங்கள் வாசிப்பது த, தி இரண்டை மட்டும். டிலே நேரம் அந்த நாலில் மூன்று பங்கு. அப்போது த-வின் எதிரொலி மி-யில் விழும். தி-யின் எதிரொலி அடுத்த தட்டின் க-வில் விழும். நீங்கள் விட்ட இடத்தையெல்லாம் பெடல் நிரப்பும். கேட்கிறவனுக்கு நாலும் நீங்கள் வாசிப்பதாகத் தோன்றும்.

கவனியுங்கள், இது முதல் எதிரொலிக்குத்தான். இரண்டாவது எதிரொலி ஆறு பங்கு தள்ளி, நீங்கள் வாசிக்கும் சுரத்தின் தலையிலேயே விழும். கார்டு மாறியிருந்தால் பழையதும் புதியதும் மோதும். எஃப்.பேக் சரிபாதியில் இருந்தால் நாலைந்து மோதல். ஒன்று, மிஞ்சினால் இரண்டு எதிரொலி போதும்.

கணக்கு இது: 45,000ஐ டெம்போவால் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு) வகுத்தால் மில்லிசெகண்ட். 120க்கு 375. ஆனால் டிடி-3இல் எண் காட்டும் திரை இல்லையே, எப்படி வைப்பது? போனில் மெட்ரோனோம் (தாளத்துக்குக் கிளிக் அடிப்பது) போடுங்கள், ஆனால் பாட்டின் டெம்போவில் அல்ல, அதைவிட மூன்றில் ஒரு பங்கு கூட்டி. பாட்டு 96 என்றால் மெட்ரோனோம் 128. பாட்டு 90 என்றால் 120. எஃப்.பேக்கைத் தற்காலிகமாக ஏற்றி, கம்பியை மூடி ஒரே ஒரு "ஜக்" போட்டுவிட்டு டி.டைமைத் திருகிக்கொண்டே வாருங்கள். எதிரொலி கிளிக்கோடு ஒட்டிக்கொள்ளும் இடம் வரும். அங்கே நிறுத்தி எஃப்.பேக்கை இறக்குங்கள். (எஃப்.பேக்கை முழுக்கத் திருப்பிவிடாதீர்கள், ஓயாமல் ஊளையிடும். ஒரு ஒத்திகையில் எனக்கு ஆனது, ஆர்மோனியக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார்.)

ஈ.லெவலைக் கடைசியில், எல்லாரும் வாசிக்கும்போது வையுங்கள். தனியாக வைத்தால் எப்போதும் கூடுதலாகத்தான் வைப்போம்.

இன்னும் ஒரு கேள்வி, உங்கள் டிரம்மர் கிளிக் கேட்டு வாசிக்கிறாரா? இல்லையென்றால் இந்தக் கணக்கெல்லாம் வீண். ஒரு கொடையில் 90இல் ஆரம்பித்த பாட்டு, கூட்டத்தின் கைதட்டலில் சூடேறி 100ஐத் தொட்டது. நான் 500 மில்லிசெகண்டில் வைத்திருந்தேன், 100க்கு 450தான் வேண்டும். ஒவ்வொரு எதிரொலியும் 50 பிந்தி வந்தது. என் காலுக்கு ஏதோ ஆகிவிட்டது போல நொண்டி நொண்டி வாசித்தேன். பாதிப் பாட்டில் பெடலை அணைத்தேன், அன்றைக்கு நான் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

சாலிடர்_புகை

அடாப்டரையும் பாருங்கள். 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். ஒரே அடாப்டரிலிருந்து பிரித்து ஓவர்டிரைவுக்கும் டிலேக்கும் கொடுத்தால் "கீ..." என்று ஒரு இரைச்சல் வரலாம். டிஜிட்டல் பெடல் கூடுதல் கரண்ட் இழுக்கும். தனித்தனி அடாப்டர் கொடுங்கள்.

பாளை_தந்தி

அண்ணாச்சி, மிக்க நன்றி. கேபிள் வாங்கி வரிசையை மாற்றினேன். மிக்சரில் எனக்கும் ரிவெர்ப் இருந்தது, அணைத்தாயிற்று. டிரம்மருக்கு ஒரு காதில் கிளிக் கொடுத்தோம், முதல் பாட்டில் முகத்தைச் சுளித்தார், அப்புறம் பழகிவிட்டது. நேற்று 96 பாட்டுக்கு 128 வைத்து "ஜக்" போட்டுப் பார்த்தேன். ஒட்டிக்கொண்டது! அக்கா ஒன்றும் சொல்லவில்லை, அதுவே பெரிது.

ஆனால் இரண்டாவது பாட்டு ஆறு-எட்டு தாளம். அதில் இந்த மூன்று பங்கு உட்கார மாட்டேன் என்கிறது.

மதுரை_ஆறுகம்பி

உட்காராது. அது த-கி-ட. மூன்றாகப் பிரிகிற தட்டில் நாலின் கணக்கை வைத்தால் சண்டைதான். அங்கே டிலேயை ஒரு எழுத்துக்கு வையுங்கள். நிமிடத்துக்கு 80 த-கி-ட என்றால் தட்டு 750, எழுத்து 250 மில்லிசெகண்ட். மெட்ரோனோமை 240இல் போடுங்கள். த-வை மட்டும் வாசியுங்கள், இரண்டு எதிரொலி வந்தால் கி-யும் ட-வும் தானே நிரம்பும். மூன்றாவது வந்தால் அடுத்த த-வில் இடிக்கும், அதற்குள் ஓய்ந்துபோகும்படி எஃப்.பேக்கை வையுங்கள். மெதுவான பாட்டென்றால் அதையும் செய்யாமல் 100 மில்லிசெகண்ட் பக்கம் ஒரே ஒரு எதிரொலியோடு விட்டுவிடலாம். அதற்கு மோட் 200க்கு வர வேண்டும், 800இல் 200க்குக் கீழே இறங்காது.

பாட்டுக்குப் பாட்டு குனிந்து திருக முடியாது, ஆகவே டி.டைம் நாப்பைச் சுற்றி வெள்ளை மார்க்கரால் கோடு போட்டு ஒன்று, இரண்டு என்று எழுதிக்கொள்ளுங்கள். என் பெடலில் ஏழு கோடு இருக்கிறது. ஐந்தாவது எந்தப் பாட்டுக்கு என்று மறந்துவிட்டது.