ஏடிஆர் துணை விமானி வேலைக்காக ஏர்பஸ் டைப் ரேட்டிங் எடுக்கலாமா?

கேள்வி: மன்னார்குடி வாசகர்

அனைவருக்கும் வணக்கம். 200 மணி நேரப் பறத்தலை முடித்து, இரட்டை எஞ்சின் விமானத் தகுதியோடும் இன்ஸ்ட்ரூமெண்ட் ரேட்டிங்கோடும் (மானிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி) சிபிஎல் எனும் வணிக விமானி உரிமம் பெற்றிருக்கிறேன். ஏடிஆர் 72 என்ற சுழலி (புரொப்பெல்லர்) விமானங்களை இயக்கும் சிறிய பிராந்திய நிறுவனம் ஒன்றில் துணை விமானியாகச் சேர வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் எங்களை அணுகிய முகவர் ஒருவர், டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட விமான வகையை ஓட்டும் தகுதி) இல்லாதவர்களின் விண்ணப்பத்தை எவரும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை என்றும், சொந்தச் செலவில் ஏர்பஸ் ஏ320 டைப் ரேட்டிங்கை முடித்துவிட்டால் எந்த நிறுவனத்திலும் வேலை உறுதி என்றும் சொல்கிறார். பயிற்சிக்கு வாங்கிய கடனே இன்னும் அடையவில்லை. வெண்ணாற்றுப் பாசனத்தில் எஞ்சியிருக்கும் நஞ்சையைக் குறுவை அறுவடைக்குப் பிறகு கிரயம் பேசிவிடலாம் என்று அப்பா அரை மனதோடு சொல்லியிருக்கிறார். துறையில் உள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில்: கும்பகோணம், ஏடிஆர் துணை விமானி

தம்பி, நிலத்தை விற்க வேண்டாம். டைப் ரேட்டிங் என்பது குறிப்பிட்ட ஒரு விமான வகைக்கு மட்டுமே செல்லும். ஏ320-க்கு எடுத்த தகுதியை வைத்துக்கொண்டு ஏடிஆரில் உட்கார முடியாது. அதற்குரிய பயிற்சியைத் தனியாகப் பெற்றே ஆக வேண்டும். அதோடு, தகுதியைப் பெற்றுவிட்டு அந்த வகை விமானத்தில் பறக்க வாய்ப்பில்லாமல் இருந்தால், அதைப் புதுப்பிக்க மறுபடியும் சிமுலேட்டருக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும். சில நிறுவனங்கள் ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகு தாமே டைப் ரேட்டிங்குக்கு அனுப்பி, அதற்கு ஈடாகப் பாண்டு (குறிப்பிட்ட காலம் வேலை செய்வதாகத் தரும் ஒப்பந்தம்) எழுதி வாங்கிக்கொள்கின்றன. சில நிறுவனங்கள் செலவை நம்மையே ஏற்கச் சொல்கின்றன. அப்போதும் தேர்வுக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் நாம் பணத்தை எடுக்கிறோம். வேலை உறுதி என்று சொல்லும் முகவர் அந்த உறுதியை நிறுவனத்தின் கடிதத் தாளில் வாங்கித் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

முதலில் பார்க்கப்படுவது உங்கள் தாள்கள் நடப்பில் இருக்கின்றனவா என்பதுதான். முதல் வகுப்பு மருத்துவச் சான்று, ஆங்கில மொழித் தகுதி, ரேடியோ உரிமம், எல்லாவற்றுக்கும் மேலாக இன்ஸ்ட்ரூமெண்ட் ரேட்டிங். அதன் காலம் ஓராண்டுதான் என்பதால், உரிமம் வாங்கிய களைப்பில் ஊரில் இருந்துவிட்டவர்கள் ஆள்சேர்ப்பு அறிவிப்பு வரும் நாளில் விண்ணப்பிக்க முடியாமல் நின்றுவிடுகிறார்கள். ஏ320 பயிற்சிக்குப் போடவிருந்த பணத்தில் சிறு பகுதியை அதைப் புதுப்பிக்க ஒதுக்கினாலே போதும்.

எழுத்துத் தேர்வுக்குப் பிறகு வரும் சிமுலேட்டர் சோதனையில், தானியங்கிக் கருவியை அணைத்துவிட்டு, மானிகளை மட்டும் பார்த்துக் கையால் ஓட்டச் சொல்வார்கள். எனக்கு நடந்த சோதனையில் ஓர் எஞ்சினை நிறுத்திவிட்டு, நான் எவ்வளவு வேகமாகச் செயல்படுகிறேன் என்பதைவிட, எந்த நெம்புகோலின் மேல் கை வைக்கிறேன், நகர்த்துவதற்கு முன் அதைக் கண்ணால் பார்த்து வாய்விட்டுச் சொல்கிறேனா என்பதையே தேர்வாளர் கவனித்தார். 2023 ஜனவரி 15 அன்று நேபாளத்தின் பொக்காராவில் ஏடிஆர் 72 விழுந்து 72 பேர் இறந்ததை நினைத்துப் பாருங்கள். தரையிறங்கும் நேரத்தில் ஃபிளாப் (இறக்கையின் பின்மடிப்பு) நெம்புகோலை நகர்த்த வேண்டிய இடத்தில் இரு எஞ்சின்களின் கண்டிஷன் நெம்புகோல்களும் (சுழலியைக் கட்டுப்படுத்துபவை) ஃபெதர் நிலைக்குத் தள்ளப்பட்டன என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. அந்த நிலையில் அலகுகள் காற்றோட்டத்துக்கு இணையாகத் திரும்பிவிட்ட சுழலிகளால் விமானத்தை இழுக்க முடியாமல் போனது. ஏடிஆர் போன்ற டர்போபிராப் (சுழலி) விமான நிறுவனத்துக்குப் போகிறவர் இந்த விபத்தை எஞ்சின், சுழலி, விமானிகளின் வேலைப் பிரிவு என்று மூன்று கோணங்களிலும் பேசத் தெரிந்திருக்க வேண்டும்.

பதில்: தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தரைப் பயிற்சி ஆசிரியர்

மேலே சொன்னவற்றோடு வானிலைப் பாடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏடிஆர் 25,000 அடிக்கு மேல் பறப்பதில்லை. ஜெட் விமானம் பல மேகங்களின் தலைக்கு மேலே கடந்து போய்விடும்; ஏடிஆர் விமானியோ அவற்றைச் சுற்றிப் போக வேண்டும், இல்லையேல் ஊடுருவ வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நம் கடற்கரையோரம் திரளும் இடிமேகங்களின் உச்சி 40,000 அடியையும் தாண்டும் என்பதால் அவற்றைச் சுற்றித்தான் போக முடியும். நம் வெயில் பூமியிலும் ஏறத்தாழ 16,000 அடிக்கு மேல் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போய்விடுவதால், அதற்கு மேல் மேகத்துக்குள் செல்லும் ஏடிஆரின் இறக்கை முன்விளிம்பில் பனி படியலாம். அந்தப் பனியை உடைக்கக் காற்றால் உப்பும் ரப்பர் உறைகள் எப்படிச் செயல்படுகின்றன என்று படியுங்கள்.

இன்னொன்று, 2018 நவம்பரில் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய கஜா புயலை நீங்கள் நேரில் கண்டிருப்பீர்கள். அத்தகைய நாளுக்கு முந்தைய மாலையில் திருச்சிக்குப் புறப்பட வேண்டியிருந்தால், மாற்று விமான நிலையமாக எதைக் குறிப்பீர்கள், அதற்கு எவ்வளவு கூடுதல் எரிபொருள் ஏற்றுவீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொண்டு காரணத்தோடு எழுதிப் பழகுங்கள். நேர்காணலில் மனப்பாடம் இரண்டாவது கேள்வியிலேயே வெளுத்துவிடும்.

பதில்: திருவாரூர், முன்னாள் வங்கி அலுவலர்

பாண்டில் கையெழுத்திடும் முன் மூன்றைப் பாருங்கள். எத்தனை ஆண்டு, இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை ஆண்டுதோறும் குறைகிறதா, நிறுவனமே விமானங்களை நிறுத்திவிட்டால் உங்கள் கடப்பாடு என்ன ஆகும். சிறிய நிறுவனம் என்பதால் மூன்றாவதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். கல்விக் கடன் தவணையைத் தள்ளிவைக்க வங்கியிடம் இப்போதே எழுத்தில் கேளுங்கள். தவணை தவறிய பிறகு கேட்டால் பேச்சு வேறாகிவிடும்.

மன்னார்குடி வாசகர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கிரயப் பேச்சை நிறுத்திவிட்டோம். அறிவிப்பு வரும்வரை சென்னையில் தங்க வேண்டுமா, ஊரிலிருந்தே படிக்கலாமா?

பதில்: கும்பகோணம், ஏடிஆர் துணை விமானி

ஊரிலிருந்தே படியுங்கள், அறை வாடகையாவது மிச்சமாகும். நேர்காணலுக்கு இரண்டு வாரம் முன்பு சிமுலேட்டர் கிடைக்கும் ஊருக்குப் போய்ச் சில மணி நேரம் எடுத்துக்கொண்டால் போதும். உங்கள் இன்ஸ்ட்ரூமெண்ட் ரேட்டிங் எந்த மாதத்தோடு முடிகிறது என்பதை இங்கே எழுதுங்கள். புதுப்பிக்கும் சோதனையை எப்போது வைத்துக்கொள்வது நல்லது என்று பார்த்துச் சொல்கிறேன்.