சேஃப்கார்ட்ஸ் என்பதற்குப் ‘பாதுகாப்பு’ பொருந்தாது: ‘மடைமாற்றாய்வு’ என்றொரு முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நம் அணுவாற்றல் சொற்பட்டியலில் சேஃப்டி (விபத்து நேராமை), செக்யூரிட்டி (திருட்டு, நாசவேலை ஆகியவற்றைத் தடுத்தல்), சேஃப்கார்ட்ஸ் (அணுப்பொருள் ஆயுதத்துக்குத் திருப்பப்படுகிறதா என்று ஆய்தல்) ஆகிய மூன்றுக்கும் எதிரே ‘பாதுகாப்பு’ என்ற ஒரே சொல் நிற்கிறது. முதலிரண்டையும் சூழலைக் கொண்டு ஒருவாறு பிரித்தறிந்துவிடலாம். மூன்றாவதை அப்படி விட முடியாது என்பதே என் முறையீடு.

கூடங்குளத்து உலைகள் சர்வதேச அணுசக்தி முகமையின் சேஃப்கார்ட்ஸின் கீழ் வருகின்றன. கல்பாக்கத்திலுள்ள சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகளும் வருவதில்லை. இச்செய்தியைப் பட்டியலிலுள்ள சொல்லால் எழுதினால் ‘கல்பாக்கம் உலைகள் பாதுகாப்பின் கீழ் இல்லை’ என்றாகும். அதைப் படிக்கும் பக்கத்து ஊரான சதுரங்கப்பட்டினத்துக்காரர் கதிர்வீச்சு கசிகிறதோ என்றுதான் அஞ்சுவார். ஆனால் மூல வாக்கியம் உலையின் நலத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. இந்தியா தன் உலைகளைக் குடிமைப் பயன்பாட்டுக்கு உரியவை என்றும் அல்லாதவை என்றும் பிரித்தபோது 22-இல் 14 முகமையின் ஆய்வுக்குத் திறந்துவிடப்பட்டன. கல்பாக்கம் மறுபக்கத்தில் வைக்கப்பட்டது. இந்தப் பிரிவினையை ஒட்டியே 2008 செப்டம்பரில் அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் குழு தன் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டிலிருந்து இந்தியாவுக்கு விலக்களித்தது.

அப்படியானால் சேஃப்கார்ட்ஸ் எதைக் காக்கிறது? உலையையும் அல்ல, ஊரையும் அல்ல. மின்னாக்கத்துக்கென்று வந்த யுரேனியமும் புளூட்டோனியமும் குண்டுக்குப் போய்விடாமல், போனால் காலத்தோடு கண்டுபிடிக்கும்படி பார்த்துக்கொள்வதே அதன் வேலை. 8 கிலோ புளூட்டோனியம், அல்லது உயர்செறிவூட்டிய யுரேனியத்திலுள்ள 25 கிலோ யுரேனியம்-235, காணாமற்போனால் ஒரு குண்டு செய்யப்பட்டிருக்கும் வாய்ப்பை ஒதுக்க முடியாது என்று முகமை கொள்கிறது. கொள்கலனில் கம்பியைக் கோத்து மாட்டும் உலோக முத்திரை நம் வீட்டு மின்மீட்டரின் ஈய முத்திரைக்கு அண்ணன் எனலாம்: அதன் உட்புறக் கீறல்களை முன்பே படமெடுத்து வைத்துக்கொள்கிறார்கள், கழற்றிய முத்திரை முகமையின் தலைமையகம் உள்ள வியன்னாவுக்குத் திரும்பியதும் கீறலோடு கீறலை ஒப்பிட்டு, இடையில் யாரும் திறந்து மூடினார்களா என்று பார்க்கிறார்கள்.

முந்தைய மடலொன்றில் ‘கணக்காய்வு’ என்ற சொல் முன்வைக்கப்பட்டது. இருப்பைச் சரிபார்ப்பதே பணியின் உயிர்நாடி என்பதால் அது நல்ல சொல்லே. ஆனால் இலங்கையில் கணக்காய்வாளர் நாயகம் என்றொரு பதவியே இருக்கிறது; அங்குள்ள வாசகருக்கு இச்சொல் அரசுச் செலவுக் கணக்கையே நினைவூட்டும். அதைவிடப் பெரிய தடை, கணக்கில் காட்டியதை மட்டும் பார்ப்பது போதாது என்று வளைகுடாப் போருக்குப் பின் ஈராக்கில் தெரியவந்ததுதான். காட்டாத இடங்களில் நடந்த வேலை அப்போதுதான் வெளிப்பட்டது. அதன் விளைவாகவே 1997-இல், காட்டாத இடங்களையும் ஆய முகமைக்கு வழிசெய்யும் ‘கூடுதல் நெறிமுறை’ வகுக்கப்பட்டது. ‘கண்காணிப்பு’ என்பதும் தயங்க வைக்கிறது, ஏனெனில் கேமரா வைத்துப் பார்ப்பது இப்பணியின் ஓர் உறுப்பு மட்டுமே.

அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவு, அணுவாற்றல் அமைதிப் பயனிலிருந்து ஆயுதத்துக்குத் திருப்பிவிடப்படுவதைத் தடுப்பதற்கே இந்த ஏற்பாடு என்கிறது. ஒன்றுக்கென ஒதுக்கியதை வேறொன்றுக்குத் திருப்புவதற்குத் தமிழில் ஆயத்தமான சொல் இருக்கிறது. ஒரு திட்டத்தின் நிதி வேறு திட்டத்துக்குப் போனால் ‘மடைமாற்றம்’ என்று நாளிதழ்கள் தயக்கமின்றி எழுதுகின்றன. கணக்கில் காட்டாத ஆலையைக்கூட ஊரறியாத கள்ள மடை என்று இதே உருவகத்துக்குள் அடக்கிவிடலாம். எனவே முதலில் ‘மடைக்காவல்’ என்று வைக்க விரும்பினேன். சொல் அழகாகவும் இருந்தது. ஆனால் செக்யூரிட்டிக்குக் ‘காவல்’ என்று நானே முன்பு முன்மொழிந்திருப்பதால், இரண்டும் மறுபடி ஒன்றோடொன்று மோதும். (அணுமின் நிலைய வாயிலில் காவல் நிற்பவர்களின் படையே தொழிற்பாதுகாப்புப் படை என்றிருக்கும்போது அந்த முன்மொழிவும் எளிதில் வெல்லாது என்பதை அறிவேன்.) ஆகவே அழகைச் சற்று விட்டுக்கொடுத்து ‘மடைமாற்றாய்வு’ என்கிறேன். இது தடுப்பதாகப் பெருமை பேசாமல் ஆய்வதாக மட்டும் சொல்வதும் உண்மைக்கு நெருக்கம். வட கொரியா 1992-இல் கொடுத்த புளூட்டோனியக் கணக்குக்கும் ஆய்வாளர்கள் எடுத்த மாதிரிகள் காட்டியதற்கும் பொருந்தவில்லை என்று முகமை கண்டுபிடித்தது. கண்டுபிடித்தும், அந்நாடு 2003-இல் ஒப்பந்தத்தைவிட்டு விலகுவதாக அறிவித்து 2006 அக்டோபரில் அணுகுண்டை வெடித்துக் காட்டியதைத் தடுக்க இயலவில்லை.

சொல் நிலைக்குமா என்பது கூட்டுச்சொற்களில்தான் தெரியும். அணு ஆயுதம் வைத்திருக்கும் நாடுகள் ஒன்பது. அவற்றுள் 1967 ஜனவரி 1-க்கு முன் அணுகுண்டை வெடித்துக் காட்டிய அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா ஆகிய ஐந்தை மட்டுமே ஒப்பந்தம் அணு ஆயுத நாடுகள் என ஏற்கிறது. இந்த ஐந்தும் தாமாக முன்வந்து சில நிலையங்களைத் திறந்துவிடுவது ‘விருப்ப மடைமாற்றாய்வு’. ஆயுதமில்லா நாடுகள் தம் அணுப்பொருள் முழுவதற்கும் ஒப்புக்கொள்வது ‘முழு மடைமாற்றாய்வு’. ஆறு குண்டுகளைப் பிரித்தழித்துவிட்டு 1991-இல் ஒப்பந்தத்தில் சேர்ந்த தென்னாப்பிரிக்கா இந்த வரிசையில்தான் வந்தது.

ஒப்பந்தத்தில் ஒருபோதும் கையெழுத்திடாத இந்தியா, பாகிஸ்தான், இஸ்ரேல் ஆகிய மூன்றின் நிலைதான் சிக்கல். அங்கே குறிப்பிட்ட நிலையங்களும் பொருள்களும் மட்டுமே ஆய்வுக்கு உட்படுகின்றன. இஸ்ரேலின் டிமோனா அணு ஆய்வு நிலையம் போன்றவை வெளியே நிற்கின்றன. ஆங்கிலத்தில் ‘ஐட்டம்-ஸ்பெசிஃபிக்’ எனப்படும் இதற்கு ‘இனவாரி’ என்றால் சாதிக் கணக்கெடுப்பு நினைவுக்கு வருகிறது. ‘பொருள்வாரி’ என்றால் அணுப்பொருளோடு குழம்புகிறது. ‘வரையறுத்த மடைமாற்றாய்வு’ என்று இப்போதைக்கு எழுதிவைத்திருக்கிறேன், மனநிறைவில்லாமல். இதைவிடப் பொருத்தமான அடைமொழி யாருக்கேனும் தோன்றினால், பட்டியல் அச்சுக்குப் போகும் முன் எழுத வேண்டுகிறேன்.