டெர்மினல் ஸ்கேன்: எந்த ஃபார்மேட்டில் சேமித்தபோது எது கெட்டது, உங்கள் அனுபவம் என்ன?

தென்பெண்ணைக்கரை

தலைப்பில் 'சேலம் ஜில்லா, கிருஷ்ணகிரி தாலுகா' என்று இருக்கும் கிரையப் பத்திரம். தர்மபுரி தனி மாவட்டமான 1965-க்கும் முந்தையது. கலர், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), ஸ்கேன்இமேஜில் (லினக்ஸ் டெர்மினலில் ஸ்கேன் எடுக்கும் கட்டளை) ஃபார்மேட் ஜேபெக் என்று கொடுத்து எடுத்த படம். முழுப் பக்கமாகப் பார்த்தால் குறையே தெரியாது. சார்பதிவாளரின் ஊதா முத்திரை, எழுதிக்கொடுத்தவரின் நீல மைக் கையெழுத்தின் மேல் பாதி ஏறியிருக்கும் இடத்தைப் பெரிதாக்கினால்தான் தெரிகிறது: இரண்டு நிறமும் ஒன்றுக்குள் ஒன்று கசிந்து ஒரே கறையாகி நிற்கிறது. கையெழுத்து மேலா, முத்திரை மேலா என்று வக்கீல் கேட்டதற்கு அந்தப் படத்தில் பதில் இல்லை. காகிதத்தில் வெறுங்கண்ணுக்கே தெரியும் விஷயம் அது.

ஸ்கேன்இமேஜ் எழுதும் ஜேபெக்கின் தரத்தை நாம் மாற்ற வழி கிடையாது. ஜேபெக் நிரல் நூலகத்தின் இயல்பு அளவான 75-லேயே எழுதும். அந்த அளவில் வெளிச்சத்தை முழுதாக வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நான்கு புள்ளிக்கு ஒன்று என்று சுருக்கிவிடும். கறுப்பு எழுத்து தப்பிக்கும், முத்திரை தப்பாது.

அதே பக்கம் டிஃப் (TIFF) ஃபார்மேட்டில் தெளிவாக வந்தது. ஆனால் ஸ்கேன்இமேஜ் எழுதும் டிஃப் சுருக்கமே இல்லாதது. ஏ4 பக்கம் 300 டிபிஐயில் 2480 × 3508 புள்ளி, கலர் என்றால் 26 எம்பி. டிஃப்பைச் சுருக்கி எழுதும் டிஃப்சிபி கட்டளையில் சுருக்கம் ஜிப், பிரெடிக்டர் 2 (பக்கத்துப் புள்ளியோடு உள்ள வித்தியாசத்தை எழுதும் முறை) என்று கொடுத்தால் ஒரு புள்ளிகூட மாறாமல் சிறிதாகும்.

அனுப்புவதற்கு ஜேபெக்தான் வேண்டும் என்றால் பிஎன்எம்மாக (சுருக்கம் இல்லாத எளிய பட ஃபார்மேட்) எடுத்து, அதை ஜேபெக் ஆக்கும் சிஜேபெக் கட்டளைக்கு நேரடியாகப் பைப் செய்யுங்கள். குவாலிட்டி 90, சாம்பிள் 1×1. அந்த 1×1 போட்டால் நிறத்தைச் சுருக்காது.

பாலக்கோட்டான்

பெயர் ஜேபிஜி, ஆனால் எந்த ஃபோனிலும் திறக்காது, எந்த விண்ணப்பத் தளமும் ஏற்காது. அப்படி ஒரு கட்டு ஃபைல் பார்க்க நேர்ந்தது, பட்டா நகல்கள். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவு, 26 எம்பி. அந்த அளவைப் பார்த்ததுமே சந்தேகம் வர வேண்டும், ஜேபெக் பக்கத்துக்குப் பக்கம் அளவு மாறும். 'ஃபைல்' கட்டளை கொடுத்துப் பார்த்தால் நெட்பிபிஎம், அதாவது பிஎன்எம் வகைப் படம் என்று சொல்கிறது.

'>' குறி போட்டு ஃபைலுக்குத் திருப்பிவிட்டால், பெயரைப் பார்ப்பது ஷெல்தான் (நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல்). ஸ்கேன்இமேஜுக்கு அந்தப் பெயர் தெரியவே தெரியாது. ஃபார்மேட் சொல்லாவிட்டால் அது பிஎன்எம்தான் கொட்டும். ஃபைல் கெடவில்லை, பெயர்தான் தப்பு. பிஎன்எம் என்று பெயரை மாற்றி, பிறகு பிஎன்ஜியாக மாற்றிக்கொள்ளலாம்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. அதே '>' குறியோடு ஒரு பக்கத்தை மறுபடி எடுக்கப் போய், ஸ்கேனர் 'பிசி' என்று சொல்லி நின்றால், முன்பு எடுத்த நல்ல படமும் போய்விடும். ஸ்கேன் தொடங்கும் முன்பே ஷெல் அந்த ஃபைலைக் காலி செய்துவிடுகிறது. பூஜ்யம் பைட்டில் ஒரு ஃபைல் மட்டும் மிஞ்சும். புதிய பதிப்புகளில் அவுட்புட்-ஃபைல் ஆப்ஷன் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். பெயரின் பின்னொட்டைப் பார்த்து ஃபார்மேட்டையும் தானே புரிந்துகொள்ளும். பழைய பதிப்பு என்றால் ஷெல்லில் நோகிளாபரை (இருக்கும் ஃபைலின் மேல் எழுத விடாத அமைப்பு) இயக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஓசூர் லினக்ஸ்

தென்பெண்ணைக்கரை சார், டிஃப்பில் எடுத்தால் தெளிவு என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. தளி பக்கத்துத் தெலுங்கு அடமானப் பத்திரம் ஒன்று, டிஃப், சரியாக 26 எம்பி. ஆனால் ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் ஈ மொய்த்த மாதிரி சாம்பல் புள்ளிகள். 400 சதவிகிதம் பெரிதாக்கினால் எட்டுக்கு எட்டு புள்ளியாகக் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. அது ஜேபெக்கின் அடையாளம். டிஃப்புக்குள் எப்படி வந்தது?

ஸ்கேன்இமேஜை, சாதனங்களைப் பட்டியலிடும் பெரிய எல் ஆப்ஷனோடு ஓட்டிப் பாருங்கள். சாதனத்தின் பெயர் ஏர்ஸ்கேன் என்றோ ஈஎஸ்சிஎல் என்றோ (பல ஸ்கேனர்களுக்கான பொது டிரைவர்கள்) தொடங்கினால், படம் பெரும்பாலும் ஸ்கேனருக்குள்ளேயே ஜேபெக்காகித்தான் வெளியே வருகிறது. டிரைவர் அதை விரித்துக் கொடுக்கிறது, நாம் அதை டிஃப்பில் ஊற்றிவைக்கிறோம். போன நிறம் போனதுதான்.

அதே சாதனம் யூஎஸ்பி வழியில் ஜெனிசிஸ், எப்சன்2 மாதிரி தனி பேக்எண்டிலும் (ஸ்கேனரோடு பேசும் டிரைவர்) பட்டியலில் தெரிந்தால், டிவைஸ் ஆப்ஷனில் அந்தப் பெயரைக் கொடுங்கள். அங்கே பெரும்பாலும் கச்சாப் புள்ளிகளே வரும். புதிய ஆல்-இன்-ஒன் பலவற்றில் அந்த வழி இல்லை. அப்போது 600 டிபிஐயில் எடுத்து 300-க்குக் குறையுங்கள். நான்கு புள்ளியின் சராசரி ஒரு புள்ளியாகும்போது அந்தச் சாம்பல் மொய்ப்பு பெருமளவு அடங்கிவிடும். நேரம் கூடும், வைஃபையில் இன்னும் கூடும். கண்ணாடிக்கு உண்டான நிஜ ரெசல்யூஷனுக்கு மேலே போவதில் ஒரு பயனும் இல்லை.

எந்த பேக்எண்ட் என்று பார்க்காமல் ஃபார்மேட்டைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை என்பது என் கருத்து.

நடுகல் வழி

தர்மபுரிப் பக்கத்து நடுகல் மைப்படி (கல்லின் மேல் தாளை ஒட்டி, மை ஒற்றி எடுத்த படி). பழைய தமிழ் எழுத்துமுறையான வட்டெழுத்து. யாரோ லைன்ஆர்ட் மோடில் எடுத்து அனுப்பியிருந்தார்கள், ஃபைல் ரொம்பச் சின்னது. அதில் எழுத்தின் கோடும் கல்லின் பொளிவும் ஒரே மாதிரி வெள்ளைத் திட்டுகளாகிவிட்டன. ஒரு வளைவு எங்கே முடிகிறது என்பதில்தான் இது எந்த எழுத்து என்பதே இருக்கிறது. மையின் அடர்த்தி மெல்ல மாறுவதைப் பார்த்துத்தான் அதைச் சொல்ல முடியும். கறுப்பு, வெள்ளை என்று இரண்டே நிலை வைத்தால் அந்தத் தகவல் அங்கேயே முடிந்தது.

மைப்படிக்கு கிரே மோட், 8 பிட், 600 டிபிஐ. ஏ4 அளவுத் துண்டுக்கு 35 எம்பி வரும். பிஎன்ஜியில் போட்டாலும் பெரிதாகக் குறையாது, ஏனென்றால் பக்கம் முழுக்கக் கல்லின் மணல்தன்மைதான், பக்கத்துப் புள்ளியை வைத்து அடுத்த புள்ளியை ஊகிக்க முடிவதில்லை. ஆனாலும் பிஎன்ஜியையே சொல்வேன், எந்தக் கணினியிலும் திறக்கும்.

மைப்படி ஏ4-ஐ விடப் பெரியது, துண்டு துண்டாக எடுத்துத்தான் ஒட்ட வேண்டும். துண்டுகள் ஒன்றோடொன்று நாலு விரலாவது மேலேறி இருக்கட்டும். பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் எல்லாவற்றுக்கும் ஒரே எண், தானாகச் சரிசெய்வது எதுவும் இருக்கக் கூடாது. ஒரு துண்டு வெளுத்து ஒரு துண்டு கறுத்தால் ஒட்டிய இடத்தில் போலியாக ஒரு கோடு விழும். கல்வெட்டில் போலிக் கோடு எவ்வளவு ஆபத்து என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஊத்தங்கரை டிடிபி

தட்டச்சு செய்த தீர்மானப் புத்தகம், எல்லாப் பக்கமும் கலர் டிஃப்பில். கறுப்பு எழுத்தைத் தவிர ஒன்றுமே இல்லாத பக்கங்கள். டிஸ்க் நிறைந்து பாதியில் நின்றுபோன நிலையில் வந்தது. பார்த்தது இவ்வளவுதான். ஆனால் இங்கே எல்லாரும் கலர், கிரே என்றே பேசுவதால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

தட்டச்சு, அச்சு, ஜெராக்ஸ் இவற்றுக்கு ஒரு பிட் (கறுப்பு, வெள்ளை மட்டும்) போதும். 300 டிபிஐ ஏ4 பக்கம் சுருக்காமலே 1.1 எம்பிதான். டிஃப்சிபியில் சுருக்கம் ஜி4 என்று கொடுத்தால் சுத்தமான பக்கம் பெரும்பாலும் 100 கேபிக்குள் வந்துவிடும், அதுவும் ஒரு புள்ளி இழக்காமல். ஃபேக்ஸ் காலத்துச் சுருக்கம்தான், இன்றைக்கும் எழுத்துப் பக்கத்துக்கு அருமையான வேலை செய்கிறது. ஒரே ஒரு நிபந்தனை, ஜி4 ஒரு பிட் படத்தை மட்டுமே ஏற்கும். கிரே டிஃப்பைக் கொடுத்தால் பிழை சொல்லி நின்றுவிடும்.

பழுத்த தாள் என்றால் த்ரெஷோல்டில் (எவ்வளவு இருண்டால் கறுப்பு என்று எடுத்துக்கொள்ளும் எல்லை) கவனம் வேண்டும். ஒருபக்கம் தள்ளினால் தாளின் மஞ்சளே கறுப்புத் திட்டாகும், மறுபக்கம் தள்ளினால் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளிதான். 'கண்ணன்' 'கணணன' ஆகிவிடும். ஓசிஆருக்கு (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) கொடுத்தால் அப்புறம் பெயரைத் தேடவே முடியாது. அதனால் முழுக் கட்டையும் ஃபீடரில் போடுவதற்கு முன் ஒரே ஒரு பக்கம் எடுத்து, மெய்யெழுத்து நிறைய வரும் ஒரு வரியைப் பெரிதாக்கிப் புள்ளிகளை எண்ணிப் பாருங்கள்.

ஜேபிக்2 என்ற சுருக்க முறை பற்றி ஓர் எச்சரிக்கை. அது ஜி4-ஐ விடவும் சிறிதாக்கும். ஆனால் இழப்புள்ள முறையில் ஓட்டினால், ஒரே மாதிரித் தெரியும் இரண்டு எழுத்தை ஒன்றாகக் கருதி ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்துவிடும். 2013-ல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் வொர்க்சென்டர் இயந்திரங்கள் சிலவற்றில் ஸ்கேன் செய்த ஆவணங்களில் 6 என்பது 8 ஆக மாறியதை டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியர் வெளிக்கொண்டுவந்தார். காரணம் இதேதான். படம் மங்கியிருந்தால் நமக்குச் சந்தேகமாவது வரும், இங்கே தப்பான எண் பளிச்சென்று இருக்கும். சர்வே எண் உள்ள தாளில் இப்படி நடந்தால் நிலமே மாறிப்போகும். பிடிஎஃப்பில் ஓசிஆர் சேர்க்கும் ஓசிஆர்மைபிடிஎஃப் நிரல் தானாக இழப்பில்லாத முறையைத்தான் எடுக்கிறது, அதை மாற்றாதீர்கள்.

ஸ்கேன்இமேஜின் பேட்ச் மோடில் (பல பக்கங்களைத் தொடர்ந்து எடுக்கும் முறை) பெயரைச் சொல்லாவிட்டால் அவுட்1, அவுட்2 என்று வரும். பிறகு நட்சத்திரக் குறி போட்டு பிடிஎஃப் ஆக்கினால் 1-க்கு அப்புறம் 10, 11 என்று போய், 2 எங்கேயோ நடுவில் இருக்கும். மூன்று இலக்கமாக, 001 என்று வரும்படி பெயர் வையுங்கள். நடுவில் கரண்ட் போனால் பார்ட் என்ற பின்னொட்டோடு ஒரு ஃபைல் கிடக்கும், அது முடியாத பக்கம். அதை அழித்துவிட்டு, பேட்ச்-ஸ்டார்ட்டில் அந்தப் பக்க எண்ணைக் கொடுத்துத் தொடருங்கள்.

நடுகல் வழி

ஊத்தங்கரை ஐயா, ஜி4 நல்லது என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஸ்கேனரையே ஒரு பிட்டில் எடுக்கச் சொல்வதில்தான் மாறுபாடு. கிரேயில் எடுத்து வைத்தால் த்ரெஷோல்டை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிப் பார்க்கலாம். நெட்பிபிஎம் கருவித்தொகுப்பின் பாம்த்ரெஷோல்ட் கட்டளையில் லோக்கல் முறை இருக்கிறது, மஞ்சள் படிந்த மூலைக்கு ஓர் அளவு, வெள்ளை நடுவுக்கு ஓர் அளவு என்று இடத்துக்கேற்ப எடுத்துக்கொள்ளும். ஸ்கேனரின் லைன்ஆர்ட் மோடில் புள்ளி போனால் மறுபடி தாளைத் தேடிப் போக வேண்டும். அந்தத் தாள் திரும்பக் கிடைக்கும் என்று யார் உறுதி சொல்வது?

அரூர் பிரிண்ட்

பிரிண்டுக்கு வந்த ஒரு பிடிஎஃப்பில் பக்கத்தின் அளவு 656 × 928 மில்லிமீட்டர். உள்ளே இருந்தது சாதாரண ஏ4 பத்திரம். தென்பெண்ணைக்கரை சொன்ன சிஜேபெக் வழியில் வருபவர்கள் இதைக் கவனியுங்கள். பிஎன்எம்மில் டிபிஐ எழுத இடமே இல்லை, அதனால் அதிலிருந்து பிறக்கும் ஜேபெக்குக்கும் தெரியாது. படத்தை பிடிஎஃப் ஆக்கும் இமேஜ்2பிடிஎஃப் கட்டளை, டிபிஐ இல்லாத படத்தை 96 டிபிஐ என்று எடுத்துக்கொள்கிறது. 2480-ஐ 96-ஆல் வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 26 அங்குலம். இமேஜ்2பிடிஎஃப் கட்டளையில் பேஜ்சைஸ் ஏ4 என்று சேர்த்தால் சரியாகிவிடும். அது ஜேபெக்கை மறுபடி சுருக்காமல் அப்படியே உள்ளே வைக்கும்.

இமேஜ்மேஜிக்கின் கன்வர்ட்டில் பிடிஎஃப் செய்தால் ஜேபெக் இன்னொரு முறை சுருக்கப்படும், எழுத்தின் ஓரம் இன்னும் கெடும். வந்த பிடிஎஃப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க பிடிஎஃப்இமேஜஸ் கட்டளையில் லிஸ்ட் ஆப்ஷன் போதும். ஜேபெக், சிசிஐடிடி (ஜி4 போன்ற ஃபேக்ஸ் சுருக்கம்), ஜேபிக்2 எது என்று பக்கவாரியாகக் காட்டும்.

ஓசூர் லினக்ஸ்

அதோடு இன்னொன்று. ஜேபெக்காகவே கைக்கு வந்த பக்கம் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் எடிட்டரில் திறந்து திருப்பிச் சேமிக்காதீர்கள். ஜேபெக்டிரான் கட்டளையில் ரொட்டேட் 90 கொடுத்தால் சுருக்கத்தைப் பிரிக்காமலே திருப்பும். ஏ4 பக்கத்தில் மட்டும் ஒரு சிக்கல்: 2480 என்பது 16-ஆல் மீதியின்றி வகுபடும், 3508 என்பது 8-ஆல்கூட வகுபடாது. அதனால் ஓரத்தில் மெல்லிய ஒரு பட்டை இடம் மாறி நிற்கலாம். டிரிம் ஆப்ஷன் அந்தப் பட்டையை வெட்டிவிடும். ஓரம் வரை எழுத்தோ முத்திரையோ ஓடும் தாள் என்றால் பெர்ஃபெக்ட் ஆப்ஷனைப் போடுங்கள், முழுமையாகத் திருப்ப முடியாவிட்டால் ஃபைலைத் தொடாமல் பிழை சொல்லிவிடும்.