கைத்துப்பாக்கிக்கு இரவு சைட்: எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பொருத்துவது?

அந்திநேரம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான்கு ஆண்டுகளாக உரிமத்துடன் கிளாக் 17 கைத்துப்பாக்கி ஒன்றை வைத்திருக்கிறேன். தொழிற்சாலையிலிருந்து வந்த பிளாஸ்டிக் சைட்டுகள்தான் (குறிபார்க்கும் உறுப்புகள்) இன்னும் அதில் உள்ளன. முன்னால் ஒரு வெள்ளைப் புள்ளியும், பின்னால் வெள்ளைக் கோட்டால் வரம்பிட்ட பள்ளமும் இருக்கும். பகலில் அவற்றால் எனக்கு எந்தச் சிரமமும் இருந்ததில்லை. ஆனால் அண்மையில் பொழுது சாயும் வேளையில் பயிற்சி செய்தபோது, இலக்கு அட்டையின் விளிம்பும் நடுவட்டமும் நன்றாகத் தெரிந்த நிலையிலும், முன் சைட் எங்கே நிற்கிறது என்பது மட்டும் புலப்படவில்லை. அட்டையின் கறுப்பில் சைட்டின் கறுப்பு கரைந்துபோயிருந்தது. அன்று சுட்ட கடைசிப் பத்துக் குண்டுகளும் அட்டை முழுவதும் சிதறிக் கிடந்தன.

டிரிட்டியம் (தன் கதிரியக்கத்தால் பூச்சை ஒளிரச் செய்யும் வாயு) பொருத்திய இரவு சைட் வாங்கத் தீர்மானித்துள்ளேன். மூன்று பச்சைப் புள்ளிகள் கொண்டதை வாங்குவதா, முன் சைட் மட்டும் ஒளிர்வதை வாங்குவதா என்பதில்தான் குழப்பம். ஃபைபர் ஆப்டிக் சைட்டே போதுமா என்பதையும் அறிய விரும்புகிறேன். என்னிடம் வைஸ், பித்தளை பஞ்ச், சிறிய சுத்தியல் ஆகியவை உள்ளன. இவற்றைக்கொண்டு நானே பொருத்தலாமா, அல்லது துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே நல்லதா?

முன்புள்ளி

நண்பரே, நீங்கள் சொன்ன அந்த வேளைதான் இரவு சைட்டுக்கு உரிய வேளை. இலக்கு தெரிய வேண்டும், சைட் தெரியாமலிருக்க வேண்டும். அந்த இடைப்பட்ட வெளிச்சத்தில்தான் அது உண்மையில் உதவுகிறது. கும்மிருட்டில் எதிரே இருப்பது என்ன என்பதை எந்த டிரிட்டியம் புள்ளியும் காட்டாது. அதற்குக் கைவிளக்கு வேண்டும். விளக்கைப் போட்டுவிட்டால் வெளிச்சமான பின்னணியில் கறுப்புச் சைட்டே தெளிவான நிழலுருவாகத் தெரியும். எதிரே இருப்பது என்னவென்று உறுதியாகத் தெரியாமல் விசையில் விரல் வைக்கக் கூடாது என்ற விதியை இரவு சைட் சற்றும் தளர்த்துவதில்லை.

ஃபைபர் ஆப்டிக் குழல் சுற்றியுள்ள ஒளியை உள்வாங்கி முனையில் காட்டுகிறது; ஒளி குறையும்போது அதுவும் மங்கிவிடும். பகல்நேரப் போட்டிகளுக்கு அருமையான பொருள்தான், ஆனால் உங்கள் தேவைக்கு அது விடையாகாது.

மூன்று பச்சைப் புள்ளிகளைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். மூன்றும் ஒரே நிறமாகவும் ஒரே அளவாகவும் இருந்த ஒரு சைட்டை நான் சில ஆண்டுகள் பயன்படுத்தினேன். ஓர் இரவு, வெறும் துப்பாக்கியை உயர்த்திப் பார்த்து வரிசையாக மூன்று புள்ளிகள் நிற்பதைக் கண்டு திருப்தியடைந்த பிறகு, அறையின் விளக்கைப் போட்டேன். நான் நடுப்புள்ளி என்று எண்ணியது பின் சைட்டின் வலப்புள்ளி. முன் சைட்டோ அதற்கும் வலப்பக்கம், பள்ளத்துக்கு வெளியே நின்றது. இருட்டில் மூன்று புள்ளிகள் மூன்று புள்ளிகளாக மட்டுமே தெரியும், எது முன்னால், எது பின்னால் என்று அவை சொல்வதில்லை. அன்றிலிருந்து முன் சைட் பெரிதாகவும் பிரகாசமாகவும், பின் சைட் முற்றிலும் கறுப்பாகவோ மங்கலான வேறு நிறத்திலோ இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன். பின்னால் ஒரே புள்ளி வைத்து, முன்புள்ளியை அதன் நேர்மேலே நிறுத்தும் அமைப்பும் இருக்கிறது. அது வேகத்தில் குழப்பாது என்றாலும், கைப்பழக்கத்துக்குச் சில வாரங்கள் பிடிக்கும்.

நிறத்தில் பச்சையையே முன்னுக்கு வையுங்கள். மங்கிய ஒளியில் நம் கண் ஏறத்தாழ 507 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது நீலப்பச்சையில்தான் மிகக் கூர்மையாக இருக்கிறது. ஆகவே டிரிட்டியம் ஒரே அளவாக இருந்தாலும் ஆரஞ்சு விளக்கு (சைட்டுக்குள் ஒளிரும் டிரிட்டியக் குழாய்) பச்சையைவிட மங்கலாகவே தோன்றும். பகலுக்கென்று, பச்சை விளக்கைச் சுற்றி ஆரஞ்சு அல்லது மஞ்சள் வண்ண வளையம் போட்ட முன் சைட்டைத் தேடுங்கள். இன்னொன்று, வெளிச்சமான கூடத்திலிருந்து இருட்டறைக்குள் நுழைந்தவுடன் பார்த்துவிட்டு 'மங்கலாக இருக்கிறது' என்று முடிவுகட்டாதீர்கள்; கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக அரைமணி நேரம் வரை ஆகும்.

அரமும் வைஸும்

பொருத்துவதைப் பற்றி நான் சொல்கிறேன். கிளாக்கைப் பொறுத்தவரை வீட்டிலேயே செய்யலாம், ஆனால் பஞ்சையும் சுத்தியலையும் நம்பி இறங்க வேண்டாம். டிரிட்டியம் இருப்பது பென்சில் கரித்துண்டைவிட மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள். தவறிய ஓர் அடி போதும், உள்ளே விரிசல் விழுந்துவிடும். திருகாணியால் தள்ளும் சைட் புஷர் ஒன்றை வாங்குங்கள், அல்லது இரவல் பெறுங்கள். புஷரின் தள்ளுமுனை சைட்டின் அடிப்பகுதியில், ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே முன்பின் நகரும் உலோகப் பகுதி) ஒட்டினாற்போல் பட வேண்டும். உயரத்தில் பட்டால் சைட் சாய்ந்து, ஸ்லைடில் அது அமரும் காடிக்குள் இறுகிக்கொள்ளும்.

தொடங்கும் முன் மேகசினைக் கழற்றி, சேம்பரை (சுடப்படும் தோட்டா அமரும் அறை) கண்ணாலும் விரலாலும் பாருங்கள். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம். பிறகு ஸ்லைடைத் தனியே பிரித்தெடுங்கள். பழைய பின் சைட்டின் மேலும் ஸ்லைடின் மேலும் சேர்த்து ஒரு காகித ஒட்டுநாடாவை ஒட்டி, சைட்டின் நடுக்கோட்டை ஸ்லைடில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். புதிய சைட்டை எங்கே நிறுத்துவது என்பதற்கு அந்தக் கோடுதான் முதல் ஆதாரம்.

புதிய பின் சைட்டைக் கைவிரலால் தள்ளும்போது காடியின் அகலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உள்ளே போய் நிற்க வேண்டும். முனையே நுழையவில்லை என்றால் சைட்டின் அடிப்பாகத்தைத் தட்டையான மெல்லிய அரத்தால் சீராகத் தேய்க்க வேண்டும். இரண்டு இழுப்பு, பிறகு பொருத்திப் பார்ப்பது, மறுபடியும் இரண்டு இழுப்பு என்று மெதுவாகச் செல்லுங்கள். எக்காரணம் கொண்டும் ஸ்லைடின் காடியில் அரத்தை வைக்காதீர்கள். சைட் வீணானால் வேறு சைட் வாங்கலாம், காடி தளர்ந்தால் ஸ்லைடே வீண். அரம் பட்ட இடத்தில் மேற்பூச்சு போயிருக்கும் என்பதால் ஒரு துளி எண்ணெய் தடவிவிடுங்கள்.

கிளாக்கின் முன் சைட் ஸ்லைடுக்கு அடியிலிருந்து ஒரு சிறிய அறுகோணத் திருகால் பிடிக்கப்பட்டிருக்கும். அதற்கு மெல்லிய சுவர் கொண்ட தனி டிரைவர் வேண்டும், சாதாரண சாக்கெட் அந்த இடுக்குக்குள் போகாது. திருகின் மரையில் எண்ணெய்ப் பசையை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, நீல நிற லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு மட்டும் வையுங்கள். சிவப்பு லாக்டைட் வேண்டாம். அதைப் பின்னாளில் கழற்றச் சூடுகாட்ட நேரும், சூடு விளக்குக்கு ஆகாது. விரல்நுனிப் பிடியில் இறுக்கினால் போதும், முழங்கை பலத்தைக் காட்டினால் திருகின் கழுத்து முறிந்துவிடும். லாக்டைட் இறுக ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

வேறு துப்பாக்கி வைத்திருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம்&பி வகைகளில் பின் சைட்டுக்கு அடியில் ஸ்ட்ரைக்கர் (தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசி) தடுப்பின் ஸ்பிரிங் அழுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. சைட்டைத் தள்ளியதும் அது துள்ளி அறை மூலைக்கு ஓடிவிடும். பெரெட்டா 92எஃப்எஸ்ஸில் முன் சைட் ஸ்லைடோடு ஒரே வார்ப்பாக இருப்பதால் அதை மாற்றுவது வீட்டில் செய்யும் வேலையே அல்ல.

பன்னிரண்டு ஆண்டு

ஒரு சிறு குறிப்பு. டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள், அதாவது அந்தக் காலத்தில் பாதி டிரிட்டியம் ஹீலியம்-3 ஆக மாறிவிடும், ஒளியும் பாதிக்கும் கீழே போய்விடும், ஏனெனில் ஒளிரும் பூச்சும் கூடவே தேய்கிறது. பெட்டியிலோ சைட்டிலோ உள்ள தயாரிப்பு ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். ஐந்தாறு ஆண்டுகள் அலமாரியில் கிடந்த சைட்டைப் புதிது என்று விற்ற ஒரு கடையில் நான் ஏமாந்திருக்கிறேன். டிரிட்டியத்திலிருந்து வரும் பீட்டா கதிர் கண்ணாடியைத் தாண்டாது, தோலின் மேலடுக்கையும் ஊடுருவாது. குழாய் உடைந்தால் மட்டும் சன்னல்களைத் திறந்துவிட்டுச் சற்று நேரம் வெளியே இருங்கள், பிறகு கைகளைக் கழுவிக்கொள்ளுங்கள். பல நாடுகளில் டிரிட்டியம் கதிரியக்கப் பொருளாகக் கட்டுப்படுத்தப்படுவதால், வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் முன் உங்கள் நாட்டுச் சட்டத்தைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அந்திநேரம்

மூவருக்கும் மிக்க நன்றி. முன்னால் ஆரஞ்சு வளையத்துக்குள் பச்சை, பின்னால் முழுக் கறுப்பு என்ற இணையை வாங்கிப் புஷர் கொண்டு பொருத்தினேன். அடிப்பாகத்தை நான்கு முறை தேய்க்க வேண்டியிருந்தது. ஆனால் 15 மீட்டரில் மணல்மூட்டையில் கையைத் தாங்கிச் சுட்டபோது ஐந்து குண்டுகளும் நெருக்கமாக விழுந்தும், மையத்திலிருந்து 5 சென்டிமீட்டர் இடப்பக்கமாக இருந்தன. உயரம் சரியாக உள்ளது. இது என் விசை இழுப்பின் குறையா, சைட்டின் குறையா?

அரமும் வைஸும்

வலக்கைக்காரர் விசையைப் பிடுங்கினாலும் குண்டு இடப்பக்கம்தான் போகும் என்பதால், உங்கள் துப்பாக்கியால் இன்னொருவரையும் ஐந்து குண்டுகள் சுடச் சொல்லுங்கள். அவருக்கும் இடப்பக்கமே விழுந்தால் சைட்டைத்தான் நகர்த்த வேண்டும். எவ்வளவு என்பதற்குக் கணக்கு எளிது: இரு சைட்டுகளுக்கும் இடையிலான தூரத்தைப் பிழையால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்க வேண்டும். உங்கள் கிளாக்கில் அந்தத் தூரம் 165 மில்லிமீட்டர் அளவு. 165-ஐ 50-ஆல் பெருக்கி 15,000-ஆல் வகுத்தால் 0.55 மில்லிமீட்டர் வரும். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே பின் சைட்டைத் தள்ள வேண்டும், ஆகவே வலப்பக்கம். உயரம் தவறியிருந்தாலும் இதே கணக்குத்தான், ஆனால் அதற்கு வேறு உயரமுள்ள சைட் வாங்க வேண்டியிருந்திருக்கும்.

அந்திநேரம்

பயிற்சித் தோழர் ஒருவர் சுட்டபோதும் இடப்பக்கமே விழுந்தது. காலிப்பரால் அளந்தபோது பின் சைட்டின் இடப்பக்க விளிம்புக்கும் வலப்பக்க விளிம்புக்கும் 1.1 மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தது. நடுவிலிருந்து அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக விலகி நிறுத்தியிருக்கிறேன். பென்சில் கோடு தடிமனாக இருந்ததுதான் காரணம். புஷரின் திருகாணியைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பித் திருப்பி அளந்து நடுவுக்குக் கொண்டுவந்தேன். நேற்று அதே அந்தி வேளையில், அதே தூரத்தில் சுட்டேன். அட்டையின் கறுப்பின் மேல் பச்சைப் புள்ளி தனித்து நின்றது, பத்தில் ஒன்பது குண்டுகள் நடுவட்டத்துக்குள் விழுந்தன.

முன்புள்ளி

மகிழ்ச்சி. சுத்தம் செய்யும்போது கரைப்பான் திரவத்தைச் சைட்டின் மேல் படவிடாதீர்கள், அல்ட்ராசோனிக் தொட்டியிலும் ஸ்லைடைப் போடாதீர்கள். விளக்கைப் பிடித்திருக்கும் பசையும் வண்ண வளையமும் அவற்றில்தான் முதலில் விட்டுப்போகின்றன. ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.