வலை இழுப்பவரின் முதுகுவலி: மருத்துவரை எப்போது பார்க்க வேண்டும்?

கேள்வி:
மீன்பிடிப் படகில் வேலை செய்யும் என் அண்ணனுக்குப் பல மாதங்களாக இடுப்பிலும் தோளிலும் வலி இருக்கிறது. வேலைக்குப் போகாத நாளில் வருமானம் இல்லை என்பதால், மருந்துக்கடையில் வாங்கும் வலி மாத்திரைகளோடு சமாளித்து வருகிறார். இதை இப்படியே விடலாமா?

முதல் பதில்:
விடக் கூடாது. ஆடும் தளத்தில் நிலைகுலையாமல் நிற்கத் தசைகள் ஓயாமல் இறுகியிருக்கும் நிலையில், குனிந்தும் உடலைத் திருப்பியும் ஈரவலையை இழுப்பதால், இடுப்பின் மீது விழும் சுமை மிக அதிகம். கால் பலவீனமானாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாம் பதில்:
மாத்திரையைப் பற்றியும் ஒரு சொல். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் வயிற்றில் புண்ணை உண்டாக்கலாம். வெயிலில் நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம்.

மூன்றாம் பதில்:
மீன் வெட்டும் கூடங்களில் குளிரில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வோருக்கு மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதும் உண்டு. படகில் வேலை செய்வோர் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதை அலட்சியம் என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. அவர்கள் கரையில் இருக்கும் நேரத்தில் மருத்துவமனை திறந்திருக்க வேண்டுமே! தசை, மூட்டு வலியைப் பதிவு செய்ய 1987-இல் வெளியான நார்டிக் வினாப்பட்டியல், உடலின் 9 பகுதிகளில் கடந்த 12 மாதங்களில் இருந்த வலியைக் கேட்கிறது. அதை நிரப்பி எடுத்துச் சென்றால் மருத்துவரிடம் விளக்குவது எளிதாகும்.